விடியும் வரை: சுந்தரபாண்டியம் வட்டாரத் திருவிழா இரவுகளும் நாட்டார் வழக்காற்றியல் கைவிட்ட பொழுதும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னொலியும் தாளமும் ஆட்டமும் விடிய விடிய ஒன்றுகூடும் மக்கள்திரளை மேலைநாடுகள் ரேவ் என்னும் பெயரால் அறியும். தமிழ் இதழியலில் அச்சொல் குற்றச்செய்தியாகவே வழங்குகிறது. விருதுநகர் மாவட்டம் சுந்தரபாண்டியத்தை நடுவாகக் கொண்ட இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தின் அம்மன் கோயில் பொங்கல் இரவுகளே அதற்கு நெருங்கிய தமிழ் நிகழ்வு என இக்கட்டுரை கருதுகிறது. அவ்விரவுகளின் வரலாறு எழுதப்படாமைக்குக் காரணம், நாட்டார் வழக்காற்றியல் கலைகளை அவை நிகழும் பொழுதிலிருந்து பிரித்து வகைப்படுத்தியமையே என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பொழுது, நையாண்டி மேளம், மைக்செட், ஆடல் பாடல், ஒலி மாசு விதிகள், சாதி

ஒரு சொல்லின் வழக்கு

2019 மே மாதம் பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைப் பகுதியில் ஒரு தோட்ட விடுதியிலும், 2020 பிப்ரவரியில் கொடைக்கானல் மேல்மலைப் பகுதியிலும் இளைஞர்கள் திரண்டு நடத்திய இரவுக் கொண்டாட்டங்களைக் காவல்துறை கலைத்தது. இத்தகைய செய்திகளின் வழியாகவே 'ரேவ் பார்ட்டி' என்னும் தொடர் தமிழ் வாசகர்க்குப் பழகிய ஒன்றாயிற்று. போதைப்பொருள், கைது, வெளியூர் மாணவர் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுட்டும் சொல்லாக அது நின்றுவிட்டது. அங்கு ஒலித்த இசை எது, ஒலிக்கருவிகளை இயக்கியவர் யார், ஆடியவர் எவ்வாறு ஆடினர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை.

அச்சொல் வளர்ந்த இங்கிலாந்திலும் அதனை வரையறுத்தது சட்டமே. 1992 மே இறுதியில் காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடிய கொண்டாட்டம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. இதன் எதிர்விளைவுகளுள் ஒன்று 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம். அதன் 63ஆம் பிரிவு, திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடுவது, இரவில் மின்பெருக்கிய இசை ஒலிப்பது, அதனால் அப்பகுதியில் வாழ்வோர்க்குக் கடுந்துன்பம் நேர்வது என்னும் கூறுகளைக் கொண்டு ரேவை வரையறுத்தது. திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளை முதன்மையாகக் கொண்ட ஒலிகளும் இசை என்பதனுள் அடங்கும் என்றும் அது விளக்கியது. 2003இல் நூறு என்னும் எண்ணிக்கை இருபதாகக் குறைக்கப்பட்டது. நாடாளுமன்றம் ஒன்று தாளத்தின் மீள்வரவைச் சட்டச் சொற்களில் விளக்க முற்பட்ட இந்நிகழ்வு இசை வரலாற்றில் அரிது. ஆடெக்கர் என்னும் இசையிணையர் 1994இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில், எந்த இரு தாளச்சுற்றும் ஒத்திராதபடி ஒரு பகுதியை அமைத்துச் சட்டத்திற்கு விடையளித்தனர்.

இவ்வரையறையைக் கையிலேந்திக் கொண்டு, பங்குனி மாதத்துச் செவ்வாய் இரவொன்றில் சுந்தரபாண்டியத்திற்கோ வத்திராயிருப்பிற்கோ மம்சாபுரத்திற்கோ சேத்தூருக்கோ செல்வதாகக் கொள்வோம். திறந்தவெளி உண்டு; நூற்றுவரினும் மிக்க கூட்டம் உண்டு; மின்பெருக்கிய இசை இரவு முழுதும் உண்டு; தவிலும் பம்பையும் உறுமியும் தமுக்கும் மீளமீள எழுப்பும் அடிகள் உண்டு; உறங்க முடியாத அண்டை வீட்டாரும் உண்டு. சட்டத்தின் ஒவ்வொரு கூறும் பொருந்துகிறது. பொருந்தாதவை மூன்று: நடுவில் தெய்வம் இருக்கிறது, செலவிற்குத் தலைக்கட்டு வரி இருக்கிறது, நிற்குமிடத்தைச் சாதி வகுத்திருக்கிறது. முதல் இரண்டும் இவ்விரவை ரேவிலிருந்து வேறுபடுத்துகின்றன. மூன்றாவது அவ்வாறு எளிதில் வேறுபடுத்தக் கூடியதன்று என்பதைப் பின்னர்க் காணலாம்.

முதற்பொருளும் கருப்பொருளும்

இவ்வட்டாரத்தில் 'பொங்கல்' என்பது தை முதல் நாளை மட்டும் குறிப்பதன்று. அம்மன் கோயில்களில் சாட்டுதலில் தொடங்கி முளைப்பாரி கரைத்தலில் முடியும் விழாவையும் குறிக்கும். திருவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் கோயில் பங்குனிப் பூக்குழி இவற்றுள் பெரியது. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரைப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் பல. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் சிற்றூர்களின் பொங்கல் இரவுகளைப் பற்றிக் கிடைப்பனவோ பெரிதும் தனித்தனிக் கலைகளைப் பற்றிய விளக்கங்கள்: கரகாட்டம், ஒயிலாட்டம், கும்மி, நையாண்டி மேளம் எனப் பெயர் தந்து, கருவி, அடவு, உடை, ஆடுவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூறி முடிப்பவை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. பறையும் யாழும் அதன் கருப்பொருள் வரிசையில் அடுத்து வருபவை. தமிழ் நாட்டார் வழக்காற்றியல் இம்முறையைத் தலைகீழாக்கிவிட்டது என்பது என் கருத்து. பறையை வைத்துக் கலையை வகுத்தது. நிலத்தை மாவட்டப் பெயராகச் சுருக்கியது. பொழுதை அறவே விட்டது. சங்க இலக்கிய வகுப்பில் யாமம் குறிஞ்சிக்கு ஏன் உரியதாயிற்று என ஒரு மணிநேரம் விளக்கும் நம் துறைகளில், கரகாட்டம் நள்ளிரவுக்கு முன் ஒரு வகையாகவும் பின் வேறொரு வகையாகவும் ஆடப்படுவது ஏன் என்னும் வினா ஆய்வுத் தலைப்பாக அரிதாகவே வருகிறது.

பொழுதை விட்டதன் விளைவு சிறிதன்று. ஒரே குழுவினர் முன்னிரவில் குழந்தைகளும் முதியோரும் அமர்ந்திருக்கும்போது வழிபாட்டுக்குரிய ஆட்டத்தை நிகழ்த்துகின்றனர். பெண்கள் வீடு திரும்பியபின், ஆடவர் வட்டம் இறுகியபின், பேச்சும் பாட்டும் அசைவும் மாறுகின்றன. விடியற்காலம் நெருங்கும்போது மீண்டும் சாமியாட்டத்திற்கு மேளம் திரும்புகிறது. முன்னிரவை மட்டும் கண்டவர் இதனைத் தெய்விகக் கலை என்று எழுதினர். பின்னிரவை மட்டும் கண்டவர் ஆபாசம் என்று மனுச் செய்தனர். இரு தரப்பும் கண்டது ஒரே இரவின் வெவ்வேறு யாமங்களை. பாடல் தொகுப்புகளில் பின்னிரவுப் பகுதி இடக்கரடக்கலாகவோ புள்ளிக்கோடாகவோ மறைந்தது. கி. ராஜநாராயணன் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' எனத் தலைப்பிட்டுப் பாலியல் நாட்டார் கதைகளைத் தொகுத்தபோது, பல்கலைக்கழகம் தயங்கிய வேலையைக் கரிசல் எழுத்தாளர் ஒருவர் செய்தார்.

ஆலையின் இரவு, மேடையின் இரவு

இராசபாளையத்தில் இரவு என்பது முன்பே உழைப்பின் பொழுதாகிவிட்டது. 1936இல் நிறுவப்பட்ட இராசபாளையம் மில்ஸ் தொடங்கிப் பெருகிய நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெசவும் முறைவேலையை இவ்வட்டார வாழ்வின் ஒழுங்காக்கின. 1944இல் பாபநாசம் நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது தென்மாவட்ட ஆலைகளுக்கு ஊக்கமளித்தது. இரவை ஆலைக்கு விளக்கேற்றித் தந்த அதே மின்சாரமே திருவிழாவிற்குக் குழல் விளக்கையும் ஒலிபெருக்கியையும் தந்தது. ஆண்டின் ஏனைய இரவுகளில் பிறர்க்காக விழித்திருந்த தொழிலாளி, சாட்டிய ஊரில் மூன்று இரவுகள் தனக்காக விழித்திருக்கிறான். விழிப்பின் இவ்வுரிமை மாற்றத்தைக் கருதாமல் பொங்கல் இரவின் களிப்பை வெறும் பக்தியாகவோ வெறும் குடியாகவோ விளக்குவது போதாது.

இங்கே லங்காஷயரை ஒப்புநோக்கலாம். 1989, 1990 ஆண்டுகளில் பிளாக்பர்ன் நகரையும் சுற்றுப்புறத்தையும் மையமிட்டு எழுந்த இரவுக் கொண்டாட்டங்கள், பருத்தித் தொழில் வீழ்ந்தபின் வெறுமையாகக் கிடந்த ஆலைகளிலும் கிடங்குகளிலும் உரிமமின்றி நடந்தன. வேலை போன இடத்தில் ஆட்டம் வந்தது. இராசபாளையத்தில் ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் மதிலுக்கு வெளியே, விடுப்பு எடுத்தவர்கள் ஆடினர். பருத்தியால் இணைந்த இவ்விரு ஊர்களின் இரவுகளும் எதிரெதிர்த் திசையில் உழைப்போடு உறவு கொண்டுள்ளன.

ஒலிபெருக்கிக்கு முந்திய இரவு நாடகத்தினுடையது. சங்கரதாச சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடக மரபு தென்மாவட்டக் கோயில் மேடைகளில் இன்றும் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும் வரை நீள்வது. சிவகாசியில் பிறந்த விசுவநாததாசு (1886–1940) இம்மேடையில் விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் கையிலிருக்க, காவலர் மேடையருகில் நின்று பாட்டைக் கேட்ட காலம் அது. 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்த நிலையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. மருத்துவர் சமூகத்தவர் என்பதால் அவரோடு நடிக்கத் தயங்கிய நடிகையரும் உண்டு என்பதை விடுதலைப் போராட்ட வரலாறுகள் அடிக்குறிப்பாகவே கடந்து செல்கின்றன. இரவுமேடை சாதியைக் கரைத்தது என்னும் கூற்றை ஏற்கும் முன் அவ்வடிக்குறிப்பை நினைக்க வேண்டும்.

சூசன் சைசர் மதுரையை மையமாகக் கொண்டு நிகழ்த்திய ஸ்பெஷல் நாடக ஆய்வு 2005இல் நூலாயிற்று. நடிகையர் மீதான இழிவுப் பார்வை அவர்தம் வாழ்வை எவ்வாறு வடிவமைக்கிறது என்பதே அதன் மையம். அந்நூலினும் முன்னதாக 2000இல் அவர் எழுதிய, நடிகையர் வழிப்பயணம் பற்றிய கட்டுரை நம் பொருளுக்கு நெருக்கமானது. இரவில் வெளியே செல்லும் பெண் என்னும் பழிக்கு அஞ்சிய நடிகையர், பேருந்திலும் தெருவிலும் தமக்கென ஒரு மறைவை உண்டாக்கிக்கொள்வதை அது காட்டுகிறது. கலையை அன்றி இரவைப் பார்த்த ஆய்வு என்பதால் அதனை இங்குச் சிறப்பித்துச் சொல்கிறேன். கரகாட்டப் பெண்டிர் பற்றியும் இவ்வாறான ஆய்வு தமிழிலேயே எழுதப்பட வேண்டிய ஒன்று.

மைக்செட்டுக்காரர்

இவ்வட்டார இரவின் வரலாற்றில் பெரிய திருப்பம் எதுவெனக் கேட்டால் மைக்செட்டின் வருகையையே சொல்வேன். வேப்பமரத்திலும் கம்பத்திலும் கட்டிய கூம்புக் குழாய்கள், இசைத்தட்டு, பின்னர் ஒலிநாடா, அதன்பின் பாக்ஸ் என வழங்கும் பெட்டி ஒலிபெருக்கிகள், சீரியல் விளக்குகள்: இவையனைத்தையும் வாடகைக்குத் தந்து, உடனிருந்து இயக்குபவர் மைக்செட்டுக்காரர். நாட்டுப்புறக் கலைகளின் வழக்கமான பட்டியல்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. கருவி அவருடையது, அடவு அவருக்கில்லை, ஆகவே அவர் கலைஞர் அல்லர் என்பது வகைப்பாட்டின் முடிவு.

பால் கிரீன் 1999இல் எத்னோமியூசிகாலஜி இதழில் வெளியிட்ட கட்டுரை இம்முடிவை மறுப்பதற்கு வழி திறந்தது. தமிழ்ச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடாவை ஒலிக்கச் செய்வதையே வழிபாட்டு நிகழ்த்துதலாக அவர் கண்டார். இசை எங்கோ பதிவானது. ஆயினும் எப்பாட்டு, எப்போது, எவ்வளவு உரக்க, எத்திசை நோக்கி என்னும் தெரிவுகள் அவ்வூரில், அந்நாளில் நிகழ்வன. அத்தெரிவே நிகழ்த்துதல். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இக்கட்டுரையைப் போதிய அளவு பயன்கொள்ளவில்லை. பதிவு செய்த இசையை நாட்டார் மரபின் சிதைவாகக் காணும் நம் பழக்கமே அதற்குத் தடையாயிற்று.

மைக்செட்டுக்காரரின் நிரலுக்கு இலக்கணம் உண்டு. வைகறையில் விநாயகர் பாடல் இன்றிக் குழாய் திறவாது. எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாடல்கள் கரகம் சோடிக்கும் நேரத்திற்கும் முளைப்பாரி புறப்படும் நேரத்திற்கும் உரியவை. நண்பகல் திரைப்பாடல்களுடையது. வயலில் நிற்பவர் பாட்டைக் கேட்டே கோயிலில் நடப்பதை அறிவார். ஆகவே இவ்வொலி இசை என்பதோடு நாழிகைக் கணக்கும் ஆகும். யமைக்காவிலிருந்து குடியேறியோர் இலண்டனுக்குக் கொண்டுவந்த ஒலியமைப்பு மரபில், தட்டைத் தேர்ந்தெடுப்பவர் பாடகரினும் மதிக்கப்பட்டார். பின்வந்த ரேவ் இயக்கம் அம்மதிப்பைத் தொடர்ந்தது. ஏறத்தாழ அதே தொழிலைச் செய்த நம்மூர் மைக்செட்டுக்காரருக்குக் கிடைத்தது வாடகை இரசீது மட்டுமே. அண்மை ஆண்டுகளில் 'டி.ஜே.' என்னும் பெயர்ப்பலகையோடு வரும் அவர் மகனுக்கு நண்பர்கள் உண்டு; ஆய்வாளர்கள் இன்னும் இல்லை.

மைக்செட் ஒலியைப் பெருக்கியது மட்டுமன்று, எல்லையும் வகுத்தது. குழாய் எத்திசை நோக்குகிறதோ அதுவரை ஊர் தன் விழாவை விரிக்கிறது. அடுத்த தெருவின் குழாயோடு அது மோதும் இடமே பூசலின் இடமுமாகும். தென்மாவட்டச் சாதிப் பூசல்களைப் பற்றிய ஆய்வுகள் சிலை, கொடிக்கம்பம், தேர்வடம் ஆகியவற்றைக் கருதிய அளவிற்குக் குழாயைக் கருதவில்லை.

திரையும் ஆடல் பாடலும்

1989 சூன் மாதம் வெளிவந்த கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' இக்கலைக்குச் செய்தது இரண்டு. இளையராசாவின் இசையில் நாதசுவரமும் தவிலும் புதிய பெருமிதத்தோடு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. அதே வேளையில் கரகாட்டம் இரவின் நெடுநிகழ்விலிருந்து ஐந்து நிமிடப் பாடலாகச் சுருங்கியது. படம் பூக்குழியில் முடிகிறது. வழிபாட்டையும் காதலையும் தீயில் இணைக்கும் அம்முடிவு முன்னிரவின் கரகாட்டத்தை மட்டுமே ஏற்றுக்கொண்டது. பின்னிரவின் கேலி, தவில்காரர், நாதசுவரக்காரர் ஆகியோரின் நகைச்சுவையாக இடம்பெயர்ந்தது. அப்படத்திற்குப்பின் மக்கள் கரகாட்டக் குழுவினரிடம் படப்பாடலைக் கேட்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

அக்கேட்பிற்கு விடையாக வளர்ந்ததே ஆடல் பாடல் நிகழ்ச்சி. மெல்லிசைக் குழு, திரைப்பாடல், அதற்கேற்ற குழு நடனம், நடுவே நகைச்சுவை. கரகாட்டம் இருந்த இடத்தில் ஆடல் பாடல் அமர்ந்தது. இரவு அப்படியே இருந்தது. கலை அழிந்தது எனப் புலம்பும் கட்டுரைகள் இதனைக் காண்பதில்லை. மாறாதிருந்தது கலையன்று, இரவின் அமைப்பு. முன்னிரவுக்குப் பக்திப் பாடல், நள்ளிரவுக்குக் குத்துப்பாட்டு, விடியலுக்குச் சாமிப்பாட்டு என்னும் முறையை ஆடல் பாடலும் பின்பற்றுகிறது.

நீதிமன்றம் எழுதிய இனவரைவியல்

ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல், கட்டுப்படுத்துதல்) விதிகள் 2000 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதித்து, இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை அவை தடுத்தன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் பதினைந்து நாள்களுக்கு மிகாமல், பத்து மணி முதல் நள்ளிரவு வரை விலக்களிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டது. 2005இல் உச்சநீதிமன்றம் இவ்விதிகளையும் விலக்கையும் உறுதிசெய்தது.

பத்து முதல் ஆறு வரை என்னும் எட்டு மணிநேரம், ஸ்பெஷல் நாடகத்தின் கால அளவோடு ஏறத்தாழ அச்சொட்டாகப் பொருந்துகிறது. சட்டம் இரவு எனக் குறித்ததும் கலை இரவு எனக் கொண்டதும் ஒன்றே. விலக்கின் கணக்கோ ஆண்டிற்கு முப்பது மணிநேரம். நான்கு நாடகங்களுக்கும் நிறைவாகப் போதாது. மேலும், விலக்கு நாள்களை அரசு முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். சிற்றூர்ப் பொங்கலோ ஊர் கூடிச் சாட்டும் நாளில் வருவது. ஓர் இறப்பு நேர்ந்தால் தள்ளிப்போவது. தீபாவளியை ஏற்கத்தக்க நாட்காட்டிச் சட்டத்தால் சாட்டுதலை ஏற்க இயலாது. பங்குனி, சித்திரை மாதங்களே பொதுத்தேர்வின் காலமும் என்பதால், ஒலியை எதிர்ப்போரின் முறையீடு பொருளற்றது எனவும் தள்ள முடியாது. நோயாளரும் மாணவரும் உறங்கும் உரிமையுடையோர். விழா இரவை ஆராய்பவர் அதன் வழக்கறிஞராக வேண்டியதில்லை.

2004 சூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கியபின், காவல்துறை இசைவு மறுத்த ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கோரும் மனுக்கள் தென்மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் அங்குக் குவிகின்றன. நீதிமன்றம் பலவற்றை நிபந்தனையோடு ஏற்றது. குறித்த நேரத்திற்குள் முடிக்க வேண்டும். உடையும் ஆட்டமும் கண்ணியத்திற்குப் புறம்பாக இருத்தலாகாது. இரட்டைப் பொருள் தரும் பாடல் கூடாது. சாதியையோ அரசியல் கட்சியையோ போற்றும் பாடலும் பதாகையும் கூடாது. அசம்பாவிதம் நேர்ந்தால் அமைப்பாளரே பொறுப்பு.

இந்நிபந்தனைகளைப் படிக்கும் ஆய்வாளர்க்கு ஒரு வியப்பு எழும். பாடற்பொருள், உடை, நேரம், அமைப்போர், பார்ப்போர், பூசல் வாய்ப்பு ஆகிய அனைத்தையும் ஒரே நிகழ்வின் கூறுகளாக இணைத்துக் கண்டது நீதிமன்றமே. தடுக்கும் நோக்கில் எழுதப்பட்டதாயினும், அவ்வுத்தரவுகளின் தொகுதி இவ்வட்டார இரவின் தொடர்ச்சியான ஆவணம். நாட்டார் வழக்காற்றியல் நூல்கள் ஆண்டு குறிக்காத 'மரபு' என எழுதியதை, அவை நாளிட்டு, ஊர்ப்பெயரிட்டு எழுதின. ஆயினும் அவற்றில் ஒரு குழப்பம் உண்டு. ஒலியின் அளவு பற்றிய கவலையும் பெண்ணுடல் பற்றிய கவலையும் ஒரே மூச்சில் வருகின்றன. 45 டெசிபலைக் கருவியால் அளக்கலாம். கண்ணியத்தை அளக்க நிற்கும் காவலர் ஆடுபவளின் உடையைப் பார்க்கிறாரேயன்றி, அவளிடம் பணத்தைக் குத்த வரும் கையைப் பார்ப்பதில்லை. நிபந்தனையின் சுமை முழுதும் மேடைமேல் நிற்பவர்மீது விழ, மேடையின் கீழ் நிற்பவர் நிபந்தனைக்கு அப்பாற்பட்டவராகின்றார்.

நேரக் குறைப்பின் பொருளியல் விளைவையும் கருத வேண்டும். விடியும் வரை ஆடியவர்க்குரிய கூலி, பத்து மணியோடு முடியும் ஆட்டத்திற்குக் கிடைக்குமா? 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு பங்குனிப் பொங்கலின் நடுவே வந்தது. அடுத்த ஆண்டின் விழாக்காலமும் கட்டுப்பாடுகளில் கழிந்தது. அப்போது உதவிக்குத் தகுதியானோர் கலைப் பெயரால் கணக்கிடப்பட்டனர். கலைப் பெயரில்லாத மைக்செட்டுக்காரரும் விளக்குக் கட்டுபவரும் ஆடல் பாடல் நடனப் பெண்ணும் எந்த வரிசையில் நிற்பது? வகைப்பாடு என்பது நூலகப் பணி மட்டுமன்று என்பதை அவ்விரண்டு ஆண்டுகள் உணர்த்தின.

களம் யாருடையது

கூட்டுக் களிப்பைப் பற்றி எழுதுவோர் துர்கைமின் கூட்டுக் கொதிநிலையையும் விக்டர் டர்னர் 1969இல் விளக்கிய சமநிலைக் கூட்டுணர்வையும் துணைக்கழைப்பர். வேறுபாடுகள் கரைந்து அனைவரும் ஒன்றாகும் கணம் என்னும் இக்கருத்து ரேவ் பற்றிய எழுத்துகளிலும் மிகுதி. திருவிழா பற்றிய தமிழ்க் கட்டுரைகளிலும் மிகுதி. அருண் சல்தானா கோவாவின் அஞ்சுனாக் கடற்கரையை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட நூல் இதற்கு வலுவான மறுப்பு. எல்லோருக்கும் திறந்ததாகச் சொல்லப்பட்ட ஆட்டக்களத்தில் வெள்ளையர் ஒரு பொழுதிலும் இந்தியப் பயணிகள் வேறொரு பொழுதிலும் திரள்வதை, விடியலின் களம் வெள்ளையரால் நிறைவதை அவர் கண்டு எழுதினார். யாரும் யாரையும் விலக்கவில்லை. ஆயினும் உடல்கள் இனத்தால் ஒட்டிக்கொண்டன.

பொங்கல் களத்தில் ஒட்டுதல் இத்துணை நுட்பமானதன்று. தலைக்கட்டு வரி எவரிடம் வாங்கப்படுகிறது என்பதே இவ்விரவு எவருடையது என்பதன் முதல் விடை. வரி வாங்கப்படாதவர் பார்வையாளராகலாம், உரிமையாளராக முடியாது. மேளம் அடிப்போர் களத்தின் நடுவில் நின்றும் களத்திற்கு உரியவர் அல்லர். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்ததை ஒட்டி விருதுநகர் மாவட்டத்தில் எழுந்த பூசல்களும், அதன்பின் மாவட்டங்கள், கழகங்கள் அனைத்தின் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டதும் இவ்வட்டாரத்தின் நினைவில் உள்ளவை. ஒரு பெயர் பேருந்தில் எழுதப்பட்டதே இத்துணைக் கொந்தளிப்பை உண்டாக்கிய நிலத்தில், அதே வகைப் பெயர் பாட்டாக இரவு முழுதும் குழாயில் ஒலிப்பது என்ன செய்யும் என்பதை அறிந்தே சாதிப்பாடல் பற்றிய நிபந்தனையைப் படிக்க வேண்டும். அதனைக் கருத்துரிமைச் சிக்கலாக மட்டும் காண்பது களமறியாக் காட்சி.

2023இல் நிகழ்ந்த ஒன்று நம் துறையை நேரடியாகத் தொடுகிறது. குறவன் குறத்தி ஆட்டம் என்னும் பெயரில் நிகழ்வது தம் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்னும் முறையீட்டின்மேல் மதுரைக் கிளை உத்தரவிட, தமிழ்நாடு அரசு அவ்வாட்டத்தைத் தடைசெய்தது. பல்லாண்டுகளாகப் பாடநூல்களும் ஆய்வேடுகளும் அதனை நாட்டுப்புறக் கலையாக வரிசைப்படுத்தி வந்தன. ஆடுபவர் குறவர் அல்லர், ஆட்டத்தில் குறத்தியாக வருபவள் பின்னிரவின் கேலிப்பொருளாகிறாள், அப்பெயருடைய மக்கள் அதே கூட்டத்தில் நின்று அதனைக் கேட்க நேர்கிறது என்னும் உண்மைகள் எவர்க்கும் தெரியாதவை அல்ல. குற்றாலக் குறவஞ்சியின் சிங்கனும் சிங்கியும் பெற்ற இலக்கிய மதிப்பை, எவ்விதத் தடையுமின்றி இவ்வாட்டத்தின் மேல் போர்த்தியது ஆய்வுலகமே. பெயரால் புண்பட்டோர் பல்கலைக்கழகத்தை அணுகாமல் நீதிமன்றத்தை அணுகியது தற்செயலன்று.

தடைக்குப்பின் பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது. ஆனால் கரகாட்ட இரவில் அது நிகழ்ந்த நேரம், ஆடவர் வட்டம் இறுகும் அந்த நள்ளிரவுப் பகுதி, குறையவில்லை. அவ்விடத்தை இப்போது எந்த ஆட்டம், எந்தப் பாட்டு, எவருடைய உடல், எவரைப் பற்றிய கேலி நிரப்புகிறது என்பதைச் சுந்தரபாண்டியத்திலோ தளவாய்புரத்திலோ அடுத்த பங்குனியில் மணி குறித்து எழுதும் களக்குறிப்பே காட்ட முடியும்.